கோப்பு குழந்தைக்குச் சொந்தம்

வெளிநாட்டவருக்கு இனிக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதில்லை என்று சீனா 2024 செப்டம்பர் 5ஆம் தேதி அறிவித்தது. நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதற்கு மட்டுமே விலக்கு. 1992 முதல் நடந்துவந்த ஏற்பாடு அத்துடன் முடிவுக்கு வந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 160,000 சீனக் குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குச் சென்றார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குப் போனவர்கள். பெரும்பாலோர் பெண் குழந்தைகள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கிறேன். ஒரு பாடத்துக்காக, சீனாவுக்குச் சென்று குழந்தையைத் தத்தெடுத்த குடும்பங்களின் பயண அனுபவங்களைப் பல வாரங்கள் தொடர்ந்து படித்தேன். மனத்தைத் தொடும் எழுத்துகள் அவை. ஆனால், அவை அனைத்திலும் பயணம் போகிறவர்கள் பெற்றோர். குழந்தை அவர்கள் போய்ச் சேரும் இடம். உண்மையில் மிக நீண்ட பயணத்தை மேற்கொள்வது அந்தக் குழந்தைதான். மொழி, பெயர், உணவு, வாசனை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகும் அதன் கையில் ஒரு கோப்பு மட்டுமே இருக்கும். அந்தக் கோப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இரண்டு வாரப் பயணம்

அந்தப் பயணம் எப்படி நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகு குடும்பத்துக்கு ஒரு புகைப்படமும் சில பக்க மருத்துவக் குறிப்பும் வரும். ஒப்புக்கொண்டால் விமானம் ஏறலாம். குழந்தை எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலத் தலைநகருக்கு முதலில் செல்ல வேண்டும். அங்கு அரசு அலுவலகத்திலோ ஹோட்டல் அறையிலோ ஒப்படைப்பு நடக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு குடும்பங்கள் காத்திருக்க, இல்லத்தின் ஆயாக்கள் குழந்தைகளைத் தூக்கி வருவார்கள். பெயரைக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். பல குழந்தைகள் அலறி அழும். சில குழந்தைகள் அழவே அழாது. பின்னதுதான் அதிகக் கவலைக்குரியது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

முதல் நாள் தற்காலிகப் பொறுப்பில் மட்டுமே கையெழுத்து. பெற்றோரும் குழந்தையும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க 24 மணி நேர அவகாசம். மறுநாள் பதிவு முடிந்துவிடும். வாழ்நாள் முழுவதற்குமான ஓர் உறவுக்கு ஒரு நாள் அவகாசம்!

பிறகு குழந்தையின் கடப்பிதழுக்காகச் சில நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் கோயில், பூங்கா, கடைத்தெரு. அதன் பின் அமெரிக்கக் குடும்பங்கள் அனைத்தும் போய்ச் சேரும் இடம் குவாங்சோ நகரம். தத்தெடுத்த குழந்தைகளுக்கான குடிநுழைவு விசாவை அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் மட்டுமே வழங்கியது. குவாங்சோவின் ஷாமியன் தீவில் உள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டலில்தான் ஏராளமான குடும்பங்கள் தங்கின. பட்டாடை உடுத்திய குழந்தைகளை அங்கிருந்த சிவப்புச் சோபாவில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே மாறியது. வெள்ளைக்காரத் தாய் சீனக் குழந்தையை ஏந்தியிருக்கும் பார்பி பொம்மைகூட அங்கு தங்கிய குடும்பங்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனை, தூதரகத்தில் உறுதிமொழி, கடைசியாக ஒட்டப்பட்ட ஓர் உறை. அமெரிக்காவில் தரையிறங்கும் முதல் விமான நிலையத்தில் அதிகாரியிடம் கொடுக்கும்வரை அந்த உறையைப் பிரிக்கக்கூடாது.

அந்தப் பெற்றோரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. கடன் வாங்கி, வேலையில் விடுப்பு எடுத்து, முன்பின் தெரியாத நாட்டில் காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனையைத் தேடி ஓடியவர்கள் அவர்கள். ஆனால், அன்பு உண்மையாக இருப்பதால் ஆவணமும் உண்மையாகிவிடாது.

கோப்பில் இருந்தது என்ன?

சீனக் குழந்தைகளின் கோப்புகளில் கிட்டத்தட்ட ஒரே கதைதான். இன்ன தேதியில், இன்ன இடத்தில், பெற்றோர் யாரென்று தெரியாத நிலையில் கண்டெடுக்கப்பட்டது. சந்தை, பாலம், இல்லத்தின் வாசல் என்று இடம் மட்டும் மாறும். பிறந்த தேதி பெரும்பாலும் ஊகம். குடும்பப் பெயரை இல்லமே சூட்டும். ஒரே இல்லத்தில் வளர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதும் உண்டு. ‘நாடு’ என்று பொருள்படும் குவோ, ‘கட்சி’ என்று பொருள்படும் டாங் போன்றவை அப்படி வந்த பெயர்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்ற கொள்கை 1980 முதல் 2015 வரை நடப்பில் இருந்தது. அதனால் வேறு வழியின்றிப் பெண் குழந்தைகளைக் கைவிட்ட பெற்றோர் ஏராளம். அது உண்மை. ஆனால், அது மட்டுமே உண்மையல்ல. தத்தெடுக்கும் குடும்பம் இல்லத்துக்குப் பல ஆண்டுகளாக 3,000 அமெரிக்க டாலர் நன்கொடை கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய சீனக் கிராமத்தில் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்தால்தான் அந்தத் தொகையைப் பார்க்க முடியும். இவ்வளவு பணம் ஓரிடத்தில் புழங்கினால் குழந்தைகளைத் தேடிக் கொண்டுவருவோரும் முளைப்பார்கள். ஹுனான் மாநிலத்தில் இல்லங்கள் தரகர்களிடமிருந்து குழந்தைகளை விலைக்கு வாங்கி, ‘கண்டெடுக்கப்பட்டவை’ என்று பதிவு செய்தது 2005ல் அம்பலமானது. மறு ஆண்டு தரகர்களும் ஓர் இல்லத்தின் தலைவரும் தண்டிக்கப்பட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பறித்துச் சென்றதும் பின்னர் வெளிவந்தது. 2019ல் வெளிவந்த ‘ஒன் சைல்ட் நேஷன்’ ஆவணப்படம் இவற்றைப் பதிவு செய்திருக்கிறது.

அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண்ணின் நிலையில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். ‘உன்னைப் பெற்றவர்கள் உன்னைச் சந்தையில் விட்டுச் சென்றார்கள்’ என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவள் தன்னைப் பற்றி ஓர் எண்ணத்தை உருவாக்கிக்கொண்டாள். இருபது வயதில், அந்தக் கதை பொய்யாகவும் இருக்கலாம் என்று தெரியவந்தால்? அவளைக் கைவிட்டவர்கள் என்று நினைத்தவர்கள் இருபது ஆண்டுகளாக அவளைத் தேடிக்கொண்டிருந்தால்?

கொரியா சொல்லும் பாடம்

தென்கொரியாவின் கதை இதைவிடப் பழையது. கொரியப் போருக்குப் பிறகு தொடங்கி ஏறத்தாழ 200,000 குழந்தைகள் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றதாக மதிப்பிடப்படுகிறது. அங்கே பெரும்பாலான வளர்ப்புப் பெற்றோர் பயணமே போகவில்லை. உடன் வருவோர் சிலர் குழந்தைகளை விமானத்தில் கொண்டுவந்தார்கள். பெற்றோர் தங்கள் நாட்டு விமான நிலையத்தில் காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச் மாதம் வெளியிட்ட முடிவுகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளுக்கும் ‘அநாதை’ என்று பதிவேடு தயாரிக்கப்பட்டது. அனுப்பவிருந்த குழந்தை இறந்துவிட்டால், வேறொரு குழந்தை அதே பெயரில், அதே ஆவணத்தோடு அனுப்பப்பட்டது. இதையெல்லாம் தடுக்கத் தவறிய பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு என்று ஆணையம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார்.

விசாரணையைக் கோரி விண்ணப்பித்தவர்கள் யார் தெரியுமா? டென்மார்க், அமெரிக்கா, சுவீடன் போன்ற நாடுகளில் வளர்ந்து, நடுத்தர வயதை எட்டிய அதே குழந்தைகள்தான். தாங்களே பணம் செலவழித்து, மொழி தெரியாத நாட்டுக்குத் திரும்பிச் சென்று, தங்கள் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். பெற்றோரின் பயணம் இரண்டு வாரத்தில் முடிந்தது. பிள்ளைகளின் பயணம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முடியவில்லை.

நெதர்லாந்தும் தன் பங்கைத் திரும்பிப் பார்த்தது. இலங்கை, இந்தோனீசியா, பங்ளாதேஷ், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்த குழு 2021ல் கடுமையான அறிக்கையைத் தந்தது. பின்னர், வெளிநாட்டுத் தத்தெடுப்பையே படிப்படியாக நிறுத்த அந்நாடு முடிவு செய்தது.

நம் வீட்டு வாசலில்

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூருக்கும் மற்ற இடங்களுக்கும் கைக்குழந்தைகளை விற்றதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு கும்பலைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்டோரை இந்தோனீசியாவின் மேற்கு ஜாவா காவல்துறை 2025 ஜூலையில் கைது செய்தது. போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது வலைத்தளங்களில் பலர் விலையைப் பற்றிப் பேசினார்கள். தாய்மாரைப் பற்றிச் சிலர் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் பதினெட்டு வயதாகும்போது என்ன தெரிந்துகொள்வார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

சிங்கப்பூரில் சட்டம் இப்போது இறுகியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2022ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிள்ளைகள் தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தத்தெடுக்க விரும்புவோர் தகுதி மதிப்பீட்டில் தேற வேண்டும். தத்தெடுக்கப்பட்ட உண்மையைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பது பற்றிய விளக்க அமர்விலும் அவர்கள் கலந்துகொள்ள வேண்டும். அனுமதிக்கப்படாத பணப் பரிமாற்றம் குற்றம். நீதிமன்றம் ஆணையிட்டாலும் வெளிநாட்டுக் குழந்தை தானாகச் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லும் வழியைக் கற்றுத்தருவது சிறந்த ஏற்பாடு. ஆனால், சொல்வதற்கு உண்மை கோப்பில் இருக்க வேண்டுமே? அதை உறுதிசெய்ய ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் போதாது. குழந்தையை அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அதற்காகத்தான் 1993ல் ஹேக் உடன்பாடு உருவானது. குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே தகுந்த குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகே தாயின் சம்மதத்தைப் பெற வேண்டும். பெற்றோர் யார், அவர்களின் மருத்துவ வரலாறு என்ன என்ற தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. இந்தியா 2003ல் அதில் இணைந்தது. சிங்கப்பூரும் இந்தோனீசியாவும் இணையவில்லை. அந்த உடன்பாட்டில் இருந்த நாடுகளிலும் தவறுகள் நடந்தன என்பதற்குச் சீனாவே சான்று. எனினும், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதையாவது அது தெளிவாக்குகிறது. நாம் அதில் இணைவதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் சமூகத்தின் கதையும்கூட

நம் தமிழ்ச் சமூகத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. போருக்கு முன்பும் பின்பும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வறுமையாலும், பெண் குழந்தை சுமை என்ற எண்ணத்தாலும், ஜாதக நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் சில தங்கள் பெண் குழந்தைகளை இந்தியர், மலாய்க்காரர் குடும்பங்களுக்குக் கொடுத்தன. அப்படி வந்த பெண்கள் தமிழ்ப் பெயரோடு, தமிழ் பேசி, பொங்கல் வைத்து, தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். உங்கள் குடும்பத்திலோ அண்டைவீட்டிலோ அப்படி ஒரு பாட்டி இருக்கக்கூடும்.

எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார். என் அப்பாவின் சித்தி. ‘சின்னப் பாட்டி’ என்று கூப்பிடுவோம். 1950ல், சீனர்களின் புலி ஆண்டில் பிறந்தவர். செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் அவரை வளர்த்தது. அவர் வைக்கும் மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் போட்டியே கிடையாது. யாராவது அவரிடம் சீன மொழியில் பேசினால், “எனக்குத் தமிழ்தான் தெரியும்” என்று தமிழிலேயே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு நீரிழிவும் கண் நோயும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு புதிய மருத்துவரும் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்பார். எழுபது ஆண்டுகளாக அவர் சொல்லும் ஒரே பதில், “தெரியாது.” அவருடைய பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். இனி அவர்களின் பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரு தாளில் எழுதாமல் விட்ட இரண்டு பெயர்களால் மூன்று தலைமுறைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பேசினேன். “எனக்கு அம்மா ஒருத்திதான். என்னை வளர்த்தவங்க. அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா, பெத்தவ உயிரோட இருந்தாளா, என்னை நெனச்சாளான்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார். நன்றியும் ஏக்கமும் ஒரே மனத்தில் இருக்க முடியும். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறுப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

கதவை மூடிவிடலாமா?

இவ்வளவு தவறு நடந்திருந்தால் வெளிநாட்டுத் தத்தெடுப்பை முற்றாக நிறுத்திவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பல நாடுகள் அந்தப் பக்கம்தான் போகின்றன. அமெரிக்காவுக்கு 2004ல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வந்தார்கள். 2023ல் அந்த எண்ணிக்கை 1,300ஐக்கூட எட்டவில்லை.

ஆனால், நான் அந்த முடிவுக்கு வரவில்லை. சீனா கதவை மூடியபோது நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் ஏற்கெனவே ஒரு குழந்தையோடு இணைக்கப்பட்டிருந்தன. கொவிட்-19 பரவலால் பயணம் தடைபட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் உடற்குறையோ நாள்பட்ட நோயோ உள்ளவர்கள். ‘உனக்கு ஒரு குடும்பம் வருகிறது’ என்று கேள்விப்பட்டு, புகைப்படத்தைப் பார்த்துக் காத்திருந்த பிள்ளைகளும் உண்டு. இல்லத்திலேயே வளர்ந்து பெரியவர்களாவதுதான் அவர்களுக்கு நல்லது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

எனவே, நான் கேட்பது தடை அல்ல; வரிசை மாற்றம். முதலில் கோப்பு, பிறகு விமானச் சீட்டு. பெற்றவர் யார், அவர் எதற்குச் சம்மதித்தார், யாருக்கு எவ்வளவு பணம் போனது என்பதைச் சரிபார்த்த பிறகே பயணம் தொடங்க வேண்டும். காத்திருப்பு நீளும். செலவும் கூடலாம். குழந்தைக்காக ஏங்கும் தம்பதியருக்கு இது வேதனைதான். ஆனால், பெரியவர்கள் சில ஆண்டுகள் பொறுக்க மறுத்தால், அதன் விலையைக் குழந்தை வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் இயற்றும் இடத்தில் நாம் இல்லை. ஆனாலும், மாணவர்களாகிய நம்மால் சிலவற்றைச் செய்ய முடியும்.

முதலாவது, பேச்சு. தத்தெடுக்கப்பட்ட நண்பரிடம் ‘உன் உண்மையான அம்மா யார்?’ என்று கேட்காதீர்கள். வளர்த்தவரும் உண்மையான அம்மாதான். ‘பெற்ற தாய்’ என்று சொல்லலாம். ‘நீ கொடுத்து வைத்தவன்’ என்பதும் வேண்டாம். பாராட்டுப் போலத் தோன்றினாலும், வாயைத் திறந்து எதையும் கேட்காமல் நன்றியோடு இரு என்பதுதான் அதன் உட்பொருள். தன்னைப் பற்றி எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நண்பரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, பள்ளி. குடும்ப மரம் வரையச் சொல்லும் வேலையும், குழந்தைப் பருவப் படத்தைக் கொண்டுவரச் சொல்லும் வேலையும் எல்லாருக்கும் எளிதானவை அல்ல. மன்றங்களில் நிகழ்ச்சிகள் நடத்தும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம். வேர் ஒன்றாகவும் கிளை வேறாகவும் உள்ள மரங்களை வரைய இடம் கொடுத்தாலே போதும்.

மூன்றாவது, நம் வீட்டுப் பெரியவர்கள். சின்னப் பாட்டி போன்றோர் எண்பது வயதை நெருங்குகிறார்கள். அவர்கள் எந்த வட்டாரத்தில் பிறந்தார்கள், யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், பழைய சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று அவர்களுக்கு விருப்பம் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். தட்டுப்படும் ஒரு தெருப்பெயர்கூட நாளை யாருக்காவது துப்பாக அமையலாம். இந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

உங்களில் சிலர் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குழந்தையைத் தத்தெடுக்கும் முடிவை எடுக்கக்கூடும். அந்த நாளில் எந்த ஊருக்குப் பயணம், எங்கே தங்குவது, குழந்தைக்கு என்ன உடை வாங்குவது என்று ஆயிரம் கேள்விகள் எழும். அவற்றுக்கெல்லாம் முன்பாக, குழந்தையின் கோப்பை முழுவதும் படித்துப் பார்க்கக் கேளுங்கள். அதில் ஒரு பக்கம் குறைந்தாலும் ஏன் என்று கேளுங்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை கேட்கப்போகும் கேள்வியும் அதுவாகவே இருக்கும்.